மிஸ்ஸிங்நோவின் படம் எங்கிருந்து வந்தது? டீபக்கர் வழியே ஒரு நிகழ்வு ஆய்வு

கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கான போக்கிமான் ரெட், ப்ளூ விளையாட்டுகளின் ஆங்கிலப் பதிப்பு 1998 செப்டம்பரில் வட அமெரிக்காவில் வெளிவந்தது. அதை ஆடிய பிள்ளைகளிடையே ஒரு வித்தை சீக்கிரமே பரவிவிட்டது. விரிடியன் நகரத்தில் ஒரு கிழவர் நிற்பார். போக்கிமானை எப்படிப் பிடிப்பது என்று அவர் செய்து காட்டுவதைப் பார்க்க வேண்டும். அப்புறம் நடுவில் எங்கும் இறங்காமல் சின்னபார் தீவுக்குப் பறந்துபோய், அதன் கிழக்குக் கரையை ஒட்டிய தண்ணீரில் மேலும் கீழுமாக நீந்திக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு போக்கிமான் எதிரே வந்து நிற்கும். அதன் பெயர் மிஸ்ஸிங்நோ. உருவம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. புள்ளிகள் இறைந்த ஒரு கட்டம் மட்டும் திரையின் வலப்பக்கம் தெரியும்.

படம் குலைந்து தெரிவது ஒரு கோளாறு. அதோடு கூடவே வேறு இரண்டும் நடக்கும். பையில் ஆறாவதாக வைத்திருக்கும் பொருளின் எண்ணிக்கை திடீரென்று 128 கூடிவிடும். அந்த வித்தை பிரபலமானதே இதனால்தான். வென்ற அணிகளைப் பதிந்து வைக்கும் ஹால் ஆஃப் ஃபேம் பதிவுகளும் கெட்டுப்போகும். குலைந்த படம், பெருகும் பொருள், அழியும் பதிவு ஆகிய மூன்றும் மூன்று பிழைகளா, ஒரே பிழையின் மூன்று முகங்களா என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆர்வலர்கள் இதன் நிரலை முழுவதுமாகப் பிரித்து, ஒவ்வொரு மாறிக்கும் பெயர் வைத்து, திரும்பத் தொகுத்தால் பைட்டுக்குப் பைட் மூலத்தோடு ஒத்துப்போகும் அளவுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கணினியில் கேம் பாய் போலவே இயங்கும் மென்பொருள்கள் எமுலேட்டர்கள்; ஓடும் நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி டீபக்கர். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பிஜிபி, சேம்பாய் போன்ற எமுலேட்டர்களின் டீபக்கரில் ஏற்றிக்கொள்ளலாம். அப்போது வெறும் எண்களுக்குப் பதிலாக எந்த ரூட்டீனில் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டில்) நிற்கிறோம் என்று பெயரோடு தெரியும். சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த ரோம் (விளையாட்டின் நிரலும் தரவும் அடங்கிய நகல்) ஒன்று இருந்தால் இங்கே சொல்லும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் வாசகர் தாமே சரிபார்க்கலாம். டீபக்கர் முகவரிகளை ஹெக்ஸ் எண்ணில் காட்டும். கூட்டல் கழித்தல் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இங்கே எல்லாவற்றையும் சாதாரணப் பதின்ம எண்ணில் தருகிறேன்.

ஆட்டக்காரரின் பெயர் இந்தக் கோளாறில் முக்கியமான பங்கு வகிக்கிறது. நான் வைத்த பெயர் மகேஷ். ஆங்கிலத்தில் எம், ஏ, எச், இ, எஸ், எச் என்று ஆறு எழுத்துகள். ஏன் இந்தப் பெயர் என்பது போகப்போகத் தெரியும்.

திரையிலிருந்து பின்னோக்கி

ஸ்பிரைட் கோளாறு என்றதும் கை முதலில் போகும் இடம் ஸ்பிரைட் அட்டவணை. கேம் பாயில் நகரும் சிறு உருவங்கள் 40 வரை அந்த அட்டவணையில் இருக்கும். எமுலேட்டரின் வீடியோ மெமரி பார்வையைத் திறந்து அதைப் பார்த்தால், மிஸ்ஸிங்நோ திரையில் நிற்கும்போது அங்கே அதற்கான பதிவே இல்லை. ஏனென்றால் சண்டைத் திரையில் வரும் பெரிய படம், வன்பொருள் கணக்கில், ஸ்பிரைட்டே அல்ல. 8-க்கு 8 புள்ளி கொண்ட டைல்களாக அதை வீடியோ மெமரியில் ஏற்றி, பின்னணியின் ஒரு பகுதியாக அடுக்குகிறார்கள். எல்லோரும் ஸ்பிரைட் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். ஆனால் தேட வேண்டிய இடம் மாறுகிறது.

டைல் அடுக்கு ஒழுங்காகவே இருக்கிறது. எந்த டைல் எங்கே வர வேண்டுமோ அங்கேயே வருகிறது. டைல்களுக்குள் இருக்கும் புள்ளிகள்தான் குப்பை. ஆகவே அடுக்கும் ரூட்டீன் மேல் சந்தேகம் இல்லை. அதற்கு முந்தைய கட்டம், அதாவது சுருக்கி வைத்த படத்தை விரிக்கும் ரூட்டீன், அதைத்தான் பார்க்க வேண்டும்.

இடம் மிச்சம் பிடிக்க எல்லாப் போக்கிமான் படங்களையும் சுருக்கித்தான் ரோமில் வைத்திருக்கிறார்கள். விரிக்கும் ரூட்டீனுக்கு ஒரு முகவரி கொடுத்தால் போதும். அங்கிருக்கும் முதல் பைட்டிலிருந்து அகலத்தையும் உயரத்தையும் எடுத்துக்கொண்டு, மீதியைப் பிட் பிட்டாக வாசித்து விரிக்கும். கொடுத்த முகவரியில் இருப்பது படம்தானா என்று அது பார்ப்பதில்லை. எந்தப் பைட்டுகளைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு படம் வந்துவிடும்.

நிரல் அங்கே வந்ததும் நிற்கும்படி, அந்த ரூட்டீனின் வாசலில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தேன். சாதாரணப் போக்கிமான் வந்தபோது நின்றது. படத்தின் முகவரி 16384-க்கு மேல் இருந்தது. அது சரியானதுதான். கேம் பாய் ரோமில் 0 முதல் 16383 வரை நிரந்தரப் பகுதி. அதற்கு மேல் 32767 வரை தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பேங்க். படங்கள் எல்லாம் மாற்றும் பேங்குகளில்தான் இருக்கின்றன. மிஸ்ஸிங்நோ வந்தபோது நின்ற இடத்தில் இருந்த முகவரி 6400.

6400 நிரந்தரப் பகுதியில் இருக்கிறது. அங்கே இருப்பது விளையாட்டின் நிரல். ஆக, நாம் மிஸ்ஸிங்நோ என்று பார்ப்பது, பிராசஸருக்கான ஆணைகளைப் படம் என்று நினைத்து விரித்ததன் விளைவு. எந்தப் பெயர் வைத்து, எந்த எண்ணுள்ள மிஸ்ஸிங்நோவைச் சந்தித்தாலும் பெரும்பாலும் அதே கட்டம் தெரிவதற்கும் காரணம் இதுவே. எந்த பேங்க் ஏற்றப்பட்டிருந்தாலும் 6400 மாறாது. (புதைபடிவம், பேய் உருவங்களோடு வரும் மூன்று எண்களுக்கு மட்டும் தனி ஏற்பாடு இருக்கிறது, அவை இந்தக் கதையில் இல்லை.)

சரி, 6400 என்ற எண்ணை யார் கொடுத்தார்கள்?

தலைப்பட்டியல்

ஒரு போக்கிமானுக்கான விவரங்கள் 28 பைட் கொண்ட ஒரு தொகுப்பாக ரோமில் இருக்கும். பட்டியல் எண், உயிர்ப்புள்ளி, தாக்குதல், தற்காப்பு, வேகம், சிறப்பு ஆற்றல், இரண்டு வகைகள், பிடிபடும் விகிதம், அனுபவப் புள்ளி, படத்தின் அளவு, முன்பக்கப் படத்தின் முகவரி, பின்பக்கப் படத்தின் முகவரி, தொடக்க நகர்வுகள் என்று அந்த வரிசை போகும். சண்டை தொடங்கும்போது அதை ராமில் (தற்காலிக நினைவகத்தில்) 53432 என்ற இடத்துக்கு நகலெடுப்பார்கள். படத்தின் அளவு 53442-இல் வந்து விழும். முகவரி 53443, 53444 இரண்டிலும்.

53443-இல் வாட்ச்பாயிண்ட் வைத்து, எழுதும்போது நிற்கச் சொன்னால், டீபக்கர் நகலெடுக்கும் ரூட்டீனுக்குள் நிற்கும். கால் ஸ்டாக்கில் (எந்த ரூட்டீனை எது அழைத்தது என்ற பட்டியலில்) ஒரு படி மேலே போனால் எங்கிருந்து நகலெடுக்கிறது என்பதைக் கணக்கிடும் பகுதி தெரியும். அந்தக் கணக்கு எளிது. போக்கிமானின் உள் எண்ணைப் போக்கிடெக்ஸ் (விளையாட்டுக்குள் இருக்கும் போக்கிமான் பட்டியல்) எண்ணாக மாற்று, அதிலிருந்து 1 கழி, 28-ஆல் பெருக்கு, 14-ஆவது பேங்கில் 17374 என்ற தொடக்க முகவரியோடு கூட்டு.

உள் எண் என்று ஒன்று தனியாக ஏன் என்றால், விளையாட்டு உருவாகும்போது போக்கிமான்களுக்குக் கொடுத்த எண்கள் வேறு, போக்கிடெக்ஸில் அச்சிட்ட வரிசை வேறு. உள் எண்கள் 190 வரை இருக்கின்றன. போக்கிமான்கள் 151 மட்டுமே. மீதி 39 காலி இடங்கள். அந்த 39-க்கும் பெயர்ப் பட்டியலில் மிஸ்ஸிங்நோ என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது மொத்த விவகாரத்தில் பெயர் ஒன்றுதான் பிழையில்லாமல், நிரலாளர்கள் எழுதியபடியே திரைக்கு வருகிறது. போக்கிடெக்ஸ் எண்ணுக்கான அட்டவணையில் அந்த 39-க்கும் 0 போட்டிருக்கிறார்கள்.

கழிக்கும் ஆணையில் டீபக்கரை நிறுத்தி, ஒரே ஒரு ஸ்டெப் போட்டுப் பார்த்தால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ரெஜிஸ்டரில் (பிராசஸர் கணக்குப் போடும் சின்ன இடத்தில்) 0. கழித்த பிறகு 255. எட்டு பிட் ரெஜிஸ்டரில் மைனஸ் 1 என்று ஒன்று கிடையாது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் உச்சிக்கு வந்துவிடும். 255-ஐ 28-ஆல் பெருக்கினால் 7140. அதோடு 17374 சேர்த்தால் 24514.

24514-இல் இருப்பது எதுவென்று பார்க்கும்போதுதான் எனக்கு இந்த வழக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்த இடத்திலிருந்து வரும் பைட்டுகள் இவை: 0, 33, 136, 0, 29, 6, 6, 0, 29, 143, 136, 0, 25, 55, 143, 55, 55, 143, 0.

இவை தற்செயலாகக் குவிந்த எண்கள் அல்ல. 17-ஆம் வழி என்ற சைக்கிள் பாதையில் வம்புக்கு நிற்கும் பைக்கர்களின் அணிப் பட்டியல் அது. அணி எழுதும் முறை எளிது: முதலில் நிலை, அப்புறம் போக்கிமான்களின் உள் எண்கள், முடிவில் ஒரு 0. முதலில் வரும் 0, இன்னொரு பைக்கரின் அணி முடிந்ததற்கான அடையாளம். 33, 136, 0 என்றால் 33-ஆம் நிலையில் மக் என்ற போக்கிமான் ஒன்று. 29, 6, 6, 0 என்றால் 29-ஆம் நிலையில் இரண்டு வோல்டார்ப். 29, 143, 136, 0 என்றால் ஒரு வீசிங், ஒரு மக். அடுத்த ஆள் 25-ஆம் நிலையில் கோஃபிங், வீசிங், கோஃபிங், கோஃபிங், வீசிங் வைத்திருக்கிறான்.

இதே பைட்டுகளை இப்போது போக்கிமான் விவரமாக வாசித்துப் பாருங்கள். உயிர்ப்புள்ளி 33, தாக்குதல் 136, தற்காப்பு 0, வேகம் 29, சிறப்பு ஆற்றல் 6. மிஸ்ஸிங்நோவின் தாக்குதல் மட்டும் அவ்வளவு அதிகமாகவும் தற்காப்பு சுழியாகவும் இருப்பது ஏன் என்று பல வருடங்களாகப் பலரும் கேட்ட கேள்விக்கு விடை: ஒரு மக்கும், அதை அடுத்து வந்த முற்றுப்புள்ளியும். வகை இரண்டு பைட்: 6, 0. இந்த விளையாட்டில் 6-ஆம் எண் வகை பறவை; நிரலில் மட்டும் தங்கிப்போன, எந்த முறையான போக்கிமானுக்கும் கொடுக்காத வகை. 0 என்றால் நார்மல். மிஸ்ஸிங்நோ பறவை வகையாகத் தெரிவதற்கு அந்த பைக்கரின் இரண்டாவது வோல்டார்ப்தான் பொறுப்பு. தொடக்க நகர்வுகளுக்கான இடத்தில் 55, 55, 143, 0: வாட்டர் கன், மறுபடியும் வாட்டர் கன், ஸ்கை அட்டாக். இவை இரண்டு கோஃபிங், ஒரு வீசிங்.

நம் தேடலுக்கு வேண்டியது பதினோராவது பைட்டும் அதற்கு அடுத்த இரண்டும். பதினோராவது 136. இதை 16-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 8; அதாவது படத்தின் அளவு 8 டைலுக்கு 8 டைல். இது மூன்றாவது பைக்கரின் மக். அடுத்து 0, 25. முகவரிகளைக் கேம் பாய் சிறிய பைட்டை முன்னால் வைத்து எழுதும். ஆகவே 25-ஐ 256-ஆல் பெருக்கி 0 கூட்ட வேண்டும். விடை 6400. ஒருவனுடைய அணிக்கான முற்றுப்புள்ளியும் அடுத்தவனுடைய நிலை எண்ணும் சேர்ந்துதான் அந்த முகவரி.

குப்பை என்று நாம் சொல்லும் தரவுக்கு எப்போதும் ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்பது என் அனுபவம். ஆனால் இவ்வளவு துல்லியமாக ஆள் அடையாளம் காட்ட முடிந்த இன்னொரு வழக்கு எனக்குத் தெரியாது.

அளவு மீறிய படம்

முறையான படங்கள் எதுவும் 7 டைலுக்கு 7 டைலைத் தாண்டுவதில்லை. 49 டைல், டைலுக்கு 8 பைட் வீதம் ஒரு அடுக்குக்கு 392 பைட். கேம் பாயில் ஒரு புள்ளிக்கு இரண்டு பிட். ஆகவே இரண்டு அடுக்குகள் வேண்டும், கலக்கும் வேலைக்கு இன்னொன்று. இந்த மூன்றையும் கார்ட்ரிட்ஜில் பேட்டரியோடு இருக்கும் சேமிப்பு ராமில், 40960, 41352, 41744 என்ற இடங்களில் வைத்திருக்கிறார்கள். கேம் பாயின் வேலை ராம் மொத்தமே 8 கிலோபைட் என்பதால் சேமிப்பு ராமின் ஒரு மூலையைக் கடன் வாங்கியது நியாயமான முடிவுதான். மூன்றாவது இடம் 42136-இல் முடிகிறது. அங்கிருந்து 256 பைட் சும்மா கிடக்கிறது. அதற்கு அப்பால் 42392-இல் தொடங்குவது ஹால் ஆஃப் ஃபேம்.

மிஸ்ஸிங்நோவைப் பொறுத்தவரை இங்கே இரண்டு அளவுகள் புழங்குகின்றன, இரண்டும் தவறு. விரிக்கும் ரூட்டீன் 6400-இல் இருக்கும் பைட்டைப் பார்த்துத் தன் அளவை எடுத்துக்கொள்கிறது. அது ஆணையின் ஒரு துண்டு. அது சொல்லும் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரு பொருளும் இல்லை. மூன்றாவது இடத்திலிருந்து ஹால் ஆஃப் ஃபேம் வரை 648 பைட் தூரம், அதாவது சரியாக 81 டைல். விரிந்த படம் 9-க்கு 9 டைலைத் தாண்டினாலே பதிவுகளின் மேல் எழுதத் தொடங்கிவிடும். 42392-இல் வாட்ச்பாயிண்ட் வைத்துவிட்டு மிஸ்ஸிங்நோவை எதிர்கொண்டால், சண்டைத் திரை முழுதாக வருவதற்கு முன்பே டீபக்கர் நிற்கும். கால் ஸ்டாக்கில் தெரிவது நாம் ஏற்கெனவே பார்த்த விரிக்கும் ரூட்டீன்.

இரண்டாவது அளவு, மக்கிடமிருந்து வந்த 8-க்கு 8. விரித்த படத்தை 7-க்கு 7 கட்டத்தின் நடுவில் பொருத்த இதைப் பயன்படுத்துகிறார்கள். மேலே எத்தனை டைல் இடைவெளி விட வேண்டும்? ஏழிலிருந்து உயரத்தைக் கழி. 7 கழித்தல் 8, மறுபடியும் 255. அதை எட்டால் பெருக்கி எட்டு பிட்டில் வெட்டினால் 248. ஆகவே படம் தன் இடத்தின் தொடக்கத்தில் விழாமல் 248 பைட் தள்ளி விழுகிறது. 392 பைட் இடத்தின் முடிவையும் தாண்டிப் பக்கத்து அடுக்குக்குள் போய்விடுகிறது. அப்புறம் இரண்டு அடுக்குகளையும் கலக்கும்போது ஒன்றின் வால் இன்னொன்றின் தலையோடு சேர்கிறது. திரையில் வரும் கட்டத்தின் விநோத வடிவத்துக்கு இந்தக் கழித்தலும் ஒரு காரணம்.

ஆறாவது பொருள்

படத்தையும் பதிவையும் ஒரே நூலில் கோத்தாகிவிட்டது. பொருள் பெருகுவது அந்த நூலில் இல்லை. ஏனென்றால் பை இருப்பது வேலை ராமில். படம் விரிவது சேமிப்பு ராமில். நடுவில் தூரம் அதிகம்.

பையில் பொருள்களின் எண்ணிக்கை 54045-இல் இருக்கிறது. அதை அடுத்து ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பைட்: பொருளின் எண், எத்தனை என்ற எண். ஆறாவது பொருளின் எண்ணிக்கை 54057-இல் வரும். அங்கே ரேர் கேண்டி என்ற பொருள் ஒன்றே ஒன்று வைத்து, வாட்ச்பாயிண்ட் போட்டேன். மிஸ்ஸிங்நோ வந்ததும் நின்றது. நின்ற இடம் ஏதோ நினைவக நாசம் செய்யும் நிரல் அல்ல. ஒரு பிட்டை 1 ஆக்கும் சாதுவான பொது ரூட்டீன். அதை அழைத்தது, எதிரே வந்த போக்கிமானைப் போக்கிடெக்ஸில் ‘பார்த்தாயிற்று’ என்று குறிக்கும் பகுதி.

பார்த்தவற்றின் பட்டியல் 54026-இல் தொடங்குகிறது. ஒரு போக்கிமானுக்கு ஒரு பிட், மொத்தம் 19 பைட். 19 பைட் முடிந்த உடனே 54045-இல் பை ஆரம்பம். நடுவில் ஒரு பைட்கூட இடைவெளி இல்லை. இங்கேயும் அதே கணக்கு: போக்கிடெக்ஸ் எண்ணிலிருந்து 1 கழி. 0 போய் 255 வருகிறது. 255-ஆம் பிட் என்றால் 31-ஆம் பைட்டின் கடைசி பிட். 54026 கூட்டல் 31, 54057. கடைசி பிட்டின் மதிப்பு 128.

இதிலிருந்து ஒரு சின்னத் திருத்தம். எண்ணிக்கையோடு 128 கூடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் தொடக்கத்தில் வழக்கப்படி அப்படித்தான் எழுதினேன். நடப்பது கூட்டல் அல்ல, ஒரு பிட்டை ஏற்றுவது. 1 இருந்தால் 129 ஆகும். ஏற்கெனவே 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் எத்தனை முறை மிஸ்ஸிங்நோவைப் பார்த்தாலும் ஒன்றும் கூடாது. 128-க்குக் கீழே செலவழித்துவிட்டு வந்தால் மறுபடியும் ஏறும். ஆடியவர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த விதிக்கு நிரலில் இருக்கும் காரணம் இதுதான்.

கிழவரும் கரையும்

இல்லாத போக்கிமானின் எண் எப்படி உள்ளே வந்தது என்பதுதான் மிச்சம். காட்டுப் போக்கிமான்களின் புல்வெளி அட்டவணை 55431-இல் இருக்கிறது. முதல் பைட், எதிர்ப்படும் விகிதம். அடுத்து நிலை, உள் எண், நிலை, உள் எண் என்று பத்து ஜோடிகள். 55431-இல் வாட்ச்பாயிண்ட் வைத்துவிட்டுக் கிழவரிடம் பேசினால், செய்முறைச் சண்டையின் தொடக்கத்தில் நிற்கும். அந்தச் சண்டையில் ஆட்டக்காரரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கிழவரைக் குறிக்கும் பெயர் வர வேண்டும். அதற்காக உண்மையான பெயரை எங்காவது ஒதுக்கி வைக்க வேண்டும். புல்வெளி அட்டவணையின் மேலேயே வைத்துவிட்டார்கள். விரிடியன் நகரத்துக்குள் புல் கிடையாது; அடுத்துப் புல் உள்ள இடத்துக்குப் போகும்போது அட்டவணை எப்படியும் புதிதாக நிரம்பும் என்ற நம்பிக்கை.

எழுத்துகளின் உள் எண் ‘ஏ’ 128-இல் தொடங்குகிறது. ஆகவே மகேஷ் என்ற பெயர் 140, 128, 135, 132, 146, 135 என்று எழுதப்பட்டு, முடிவு அடையாளமாக 80 வருகிறது. முதல் எண் விகிதத்தின் இடத்தில் உட்காருகிறது. அப்புறம் 128-ஆம் நிலையில் 135-ஆம் எண், 132-ஆம் நிலையில் 146-ஆம் எண், 135-ஆம் நிலையில் 80-ஆம் எண். 135, 146, 80 மூன்றுமே அந்த 39 காலி இடங்களைச் சேர்ந்தவை. பெயர் ராசி பார்த்து வைத்ததல்ல, இதற்காகவே தேடிப்பிடித்தது. அட்டவணையின் பத்து இடங்களும் ஒரே வாய்ப்புடையவை அல்ல: முதல் இரண்டுக்கும் 256-இல் 51 வீதம், மூன்றாவதற்கு 39. ஆக, அங்கே எதிர்ப்படுவதில் பாதிக்கு மேல் மிஸ்ஸிங்நோவாகவே இருக்கும்.

சின்னபார் கரைக்குப் பறந்துபோனால் அதே வாட்ச்பாயிண்ட் இரண்டாம் முறை நிற்கும். இப்போது எழுதப்படுவது 0. புதிய இடத்தின் விவரத்தை ஏற்றும் ரூட்டீன், புல் விகிதத்தை எழுதிவிட்டு, அது 0 என்றால் மேற்கொண்டு அட்டவணையைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். எதிர்ப்படவே போகாத போக்கிமான்களின் பட்டியலை எதற்கு நிரப்ப வேண்டும்? ஆகவே ‘எம்’ மட்டும் அழிந்து, பெயரின் மற்ற எழுத்துகள் அப்படியே தங்குகின்றன.

விகிதம் 0 என்றால் யாரும் வரக்கூடாதே? இங்கேதான் கரை வருகிறது. ஆட்டக்காரர் நிற்கும் கட்டம் இரண்டுக்கு இரண்டு டைல். போக்கிமான் வருமா என்று முடிவு செய்யும் பகுதி கீழ்-வலது டைலைப் பார்க்கிறது. எந்த அட்டவணையிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்யும் பகுதி கீழ்-இடது டைலைப் பார்க்கிறது. நடுக்கடலில் இரண்டும் தண்ணீர், வேறுபாடு தெரியாது. கிழக்குக் கரையோரக் கட்டத்திலோ வலது டைல் தண்ணீர், இடது டைல் கரை. எனவே விகிதம் நீருடையது: ஒரு அடிக்கு 256-இல் 5. அட்டவணை புல்லுடையது. ஒரே ரூட்டீனுக்குள், சில ஆணைகள் இடைவெளியில், ஒரே கேள்வியை இரண்டு வெவ்வேறு டைலிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த வழக்கில் எனக்கு நியாயப்படுத்தத் தோன்றாத ஒரே இடம் இது. மற்றதெல்லாம் இடநெருக்கடியில் யாரும் செய்யக்கூடிய சிக்கனம்.

சரிபார்ப்பு

காரணம் தெரிந்துவிட்டது என்று சொல்வதற்கு முன், டீபக்கரிலேயே மதிப்புகளை மாற்றிப் பார்க்க வேண்டும். 135-ஆம் எண் மிஸ்ஸிங்நோ வந்து, விரிக்கும் ரூட்டீனின் வாசலில் நிற்கும்போது, 53442-இலும் அடுத்த இரண்டு பைட்டிலும் மக்கின் உண்மையான பட அளவையும் முகவரியையும் எழுதி ஓடவிட்டேன். மக்கைத் தேர்ந்தெடுத்தது பைக்கர்கள் மேலுள்ள பாசத்தால் அல்ல. படம் எந்த பேங்கில் இருக்கிறது என்பதை விளையாட்டு உள் எண்ணை வைத்து முடிவு செய்கிறது. 116 முதல் 152 வரை 12-ஆவது பேங்க். 135-உம் மக்கின் 136-உம் ஒரே பேங்க் என்பதால் அந்த முகவரி அங்கே செல்லும். தூரத்து எண்ணுள்ள ஒன்றின் முகவரியைக் கொடுத்திருந்தால் வேறொரு பேங்கின் குப்பை வந்திருக்கும்.

திரையில் மக் வந்தது, பெயர் மட்டும் மிஸ்ஸிங்நோ. 42392 வாட்ச்பாயிண்ட் நிற்கவில்லை. ஹால் ஆஃப் ஃபேம் பத்திரம். ஆறாவது பொருள் மட்டும் வழக்கம்போல 129. அடுத்து நேர்மாறாக, படத்தைத் தொடாமல், ‘பார்த்தாயிற்று’ பிட்டை ஏற்றும் அழைப்பை மட்டும் தாண்டிப்போக வைத்தபோது பொருள் 1 ஆகவே இருந்தது, படமும் பதிவும் கெட்டன. ஆக இரண்டு தனித்தனிப் பாதைகள். இரண்டின் தொடக்கத்திலும் அதே 0, அதே கழித்தல்.

எங்கே திருத்துவது என்று கேட்டால், பலரும் கழிக்கும் இடத்தில் 0-ஐச் சோதிக்கச் சொல்வார்கள். அது இரண்டு இடத்தில் செய்ய வேண்டிய வேலை. 0 வந்தால் என்ன படத்தைக் காட்டுவது என்ற கேள்வியும் மிச்சம் இருக்கும். கிழவரின் செய்முறையில் பெயரை வேறு இடத்தில் ஒதுக்கினால் மிஸ்ஸிங்நோ வராது; ஆனால் கரையில் முந்தைய ஊரின் புல்வெளிப் போக்கிமான்கள் நீந்துவது நிற்காது. சஃபாரி மண்டலத்திலிருந்து நேராகப் பறந்துவந்து, அங்கே கஷ்டப்பட்டுப் பிடிக்க வேண்டியவற்றை இந்தக் கரையில் நிதானமாகப் பிடித்தவர்கள் நிறையப் பேர். எந்த அட்டவணை என்று முடிவு செய்யும் இடத்தில் கீழ்-இடது டைலுக்குப் பதிலாகக் கீழ்-வலது டைலைப் பார்க்கச் செய்தால் இரண்டும் ஒன்றாக அடைபடும். அந்த ஆணையில் இருக்கும் டைல் முகவரியில் ஒன்றைக் கூட்டினால் போதும்; நிரலின் நீளம்கூட மாறாது.

டீபக்கரில் அந்த ஒரு பைட்டை மாற்றிவிட்டு, கிழவரிடம் போய்வந்து, அதே கரையில் நீந்தினேன். வந்ததெல்லாம் கடலில் வழக்கமாக வரும் டென்டகூல்.